வகுப்பறையில் எழுந்த ஒரு கேள்வி: இந்தியாவில் புள்ளியியல் கற்பித்தலின் தொடக்கம்

இந்தியாவில் புள்ளியியல் கல்லூரிப் பாடமாவதற்கு முன்பே ஒரு தொழிலாக இருந்தது. பாடத்திட்டம் பின்னர் வந்தது; தரவுகளே முதலில் வந்தன. இன்று முதலாண்டு மாணவர்க்குச் சூத்திரங்களை முதலிலும் தரவுகளைக் கடைசியிலும் காட்டும் வழக்கத்தோடு ஒப்பிட்டால், இந்த வரிசையின் முக்கியத்துவம் விளங்கும்.

1915இல் கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்று முடித்த பி. சி. மகலனோபிஸ், போரினால் கப்பல் தாமதமானபோது கிங்ஸ் கல்லூரி நூலகத்தில் ‘பயோமெட்ரிகா’ இதழின் தொகுதிகளைக் கண்டார். அவற்றை விலைக்கு வாங்கி, நாடு திரும்பும் வழியில் படித்தார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் அவர் கற்பித்தது இயற்பியல். அத்துறையின் ஓர் அறையிலேயே புள்ளியியல் ஆய்வகமும் உருவாயிற்று. வெள்ளப்பெருக்கு, மானுடவியல் அளவைகள், சணல் சாகுபடிப் பரப்பு ஆகியவையே அங்கு ஆராயப்பட்டன. 1931 டிசம்பர் 17 அன்று கூடிய கூட்டத்திலிருந்து இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பிறந்தது. அதன் முதலாண்டுச் செலவு 238 ரூபாய்.

1933இல் தொடங்கிய இதழுக்கு மகலனோபிஸ் ‘சங்க்யா’ என்று பெயரிட்டார. வடமொழியில் அச்சொல் எண்ணையும் குறிக்கும். தெளிந்த அறிவையும் சுட்டும். எண்ணுவது அறிவதற்கான வழி என்னும் கருத்தை அப்பெயரே தாங்கி நின்றது.

1941இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் புள்ளியியலில் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. அதே ஆண்டின் தொடக்கத்தில், ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் முடித்து, வேலை தேடிக் கல்கத்தா வந்திருந்த சி. ஆர். ராவ், நிறுவனத்தின் பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். 1943இல் முதுகலைப் பட்டம் பெற்ற அவர், அடுத்த ஆண்டே பல்கலைக்கழகத்தில் வகுப்பெடுத்தார்.

அவ்வகுப்பொன்றில் ராவ், ஃபிஷரின் ஒரு முடிவை விளக்கினார். மாதிரியின் அளவு மிகப் பெரிதாகும்போது, ஒரு மதிப்பீட்டின் பரவற்படி எந்த எல்லைக்குக் கீழே போக முடியாது என்பதைக் கூறும் முடிவு அது. மாணவராக அமர்ந்திருந்த வி. எம். தாண்டேகர், சிறிய மாதிரிகளுக்கும் இத்தகைய எல்லை உண்டா என்று வினவினார். களத்தில் இறங்குபவருக்குக் கிடைப்பது முடிவிலி அளவிலான மாதிரி அன்று. சில நூறு வீடுகள், சில பத்து வயல்கள் மட்டுமே. ஆகவே அது வெறும் கணித ஆர்வத்தில் எழுந்த கேள்வி அன்று.

ராவிடம் அப்போது விடை இல்லை. பின்னாளில் அவரே நினைவுகூர்ந்தபடி, அன்றிரவு முழுவதும் முயன்று, மறுநாள் வகுப்பில் நிறுவலை எழுதிக் காட்டினார். சில பொது நிபந்தனைகளின் கீழ், சாய்வற்ற எந்த மதிப்பீட்டின் பரவற்படியும் ஃபிஷர் தகவலளவின் தலைகீழியைவிடக் குறையாது என்பதே அதன் சாரம். 1945இல் கல்கத்தா கணிதக் கழகத்தின் இதழில் அது வெளியாயிற்று. ஸ்வீடனில் ஹரால்ட் கிராமரும் தனித்து இதே முடிவை அடைந்ததால், இன்று அது கிராமர்-ராவ் எல்லை எனப்படுகிறது.

பாடநூல்களில் இத்தேற்றம் இரண்டு வரிகளில் முடிந்துவிடுகிறது. கேட்ட மாணவர் அங்கே இல்லை. உடனடி விடை இல்லாமல் நின்ற இளம் ஆசிரியரும் இல்லை. இதனால் மாணவர் இழப்பது வரலாற்றுச் செய்தி ஒன்றை மட்டும் அன்று. ஒரு சூத்திரம் எந்த நிபந்தனைக்குள் செல்லும், தன் கையிலுள்ள தரவு அந்நிபந்தனைக்குள் அடங்குமா என்று கேட்கும் பழக்கத்தையே இழக்கிறார். தொடக்கநிலைப் புள்ளியியல் வகுப்பு வேறெதைக் கற்பிக்கத் தவறினாலும், இதைத் தவறவிடலாகாது.

தாண்டேகர் பின்னர் பொருளியல் அறிஞரானார். 1971இல் நீலகண்ட ரத்துடன் இணைந்து அவர் வெளியிட்ட இந்திய வறுமை பற்றிய ஆய்வு, மகலனோபிஸின் முயற்சியால் 1950இல் உருவான தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் தரவுகளைப் பயன்படுத்தியது. மாதிரி எவ்வளவு நம்பத்தக்கது என்று வகுப்பில் கேட்டவர், நாட்டில் எத்தனை பேருக்குப் போதிய உணவில்லை என்பதை மாதிரிகளைக் கொண்டே கணக்கிட நேர்ந்தது.