பழைய இங்கிலாந்துக் கார் வாங்குமுன்



வவுனியாவில் ஒரு பழைய ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் விலைக்கு வந்திருக்கிறதாம். "வாங்கலாமா சேர்?" என்று முன்னாள் மாணவர் ஒருவர் கேட்டார். பதில் கொஞ்சம் வரலாறு.

1960களின் தொடக்கத்தில் அரசு கார் இறக்குமதியை இறுக்கியது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை புதுக் கார் அரிது. அதனால் வசதியானவர்கள் வாங்கிய ஒஸ்டினும் மொறிஸும் கைமாறிக் கைமாறி வாடகைக் கார்களாயின.

1990இல் பொருளாதாரத் தடை. வன்னியில் பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காத பொருளானது. அப்போது கைகொடுத்தவை இந்தப் பழசுகள்தான். துளிப் பெற்றோலில் எஞ்சினைச் சூடாக்கிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின் அதையும் தாங்கியது. புகை கக்கிக்கொண்டே நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2002இல்தான் தடை பெருமளவு நீங்கியது.

அதே 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் நாங்கள் வெளியேற்றப்பட்டோம். வீடு, கடை, வாகனம் எல்லாம் விட்டுப் போனோம். 2009இல் எங்கள் தமிழ் உறவுகளும் முள்ளிவாய்க்கால்வரை கொண்டுபோன வாகனங்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

ஆகவே தம்பி, துருவைப் பார், எஞ்சின் சத்தத்தைக் கேள். அதற்கு முன் பதிவுப் புத்தகத்தைப் பார். எஞ்சின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும் பொருந்துகிறதா? பதிவில் உள்ளவர் யார்? அவரோ வாரிசுகளோ மனமொப்பிக் கையெழுத்திட்டார்களா?

இல்லையென்றால், எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடு. ஒருவர் அழுதுகொண்டு விட்டுப்போன பொருள் நமக்கு ஹலாலாகாது.