சீனத் தேடுபொறியில் உங்கள் தளம் தெரிய ‘டாட் சிஎன்’ வாங்கித்தான் ஆகணுமா?

சீனாவிலிருந்து சிங்கப்பூருக்கு வருவோரின் கூட்டம் மறுபடியும் பெரிதாகிவிட்டது. 2024 பிப்ரவரி 9ஆம் தேதியிலிருந்து இரு நாட்டவரும் விசா இல்லாமல் 30 நாள்வரை மற்ற நாட்டுக்குச் சென்றுவரலாம். அந்த ஆண்டில் மட்டும் சுமார் 3.1 மில்லியன் பயணிகள் சீனாவிலிருந்து இங்கு வந்தனர்.

லிட்டில் இந்தியாவில் மருதாணி வரையும் கடையோ, வீட்டிலிருந்தே நடத்தும் சமையல் வகுப்போ, சுற்றுலா வழிகாட்டிச் சேவையோ, எதுவாக இருந்தாலும் ‘அவங்க தேடும்போது நம்ம பெயரும் வரணும்’ என்ற எண்ணம் வருவது இயல்பு. சீன மொழியில் ஒரு தளம் தொடங்கலாம் என்று உட்கார்ந்ததும் முதல் கேள்வி வந்துவிடும்.

முகவரியின் கடைசியில் என்ன போடுவது? டாட் காமா, டாட் எஸ்ஜியா, டாட் சிஎன்னா? சீன எழுத்திலேயே ஒன்று வாங்கிவிடலாமா?

சுருக்கமான பதில்: பின்னொட்டு உங்கள் தளத்தைத் தேடல் வரிசையில் மேலே தூக்கிவிடாது. எந்த நாட்டில் சர்வர் வைக்கலாம், என்னென்ன ஆவணம் கொடுக்கணும் என்பதில்தான் அதன் பங்கு பெரிது. அதனால், பின்னொட்டை முதலில் வாங்கிவிட்டு மற்றதை யோசிப்பது தலைகீழான வேலை.

ஏன் என்று பார்ப்போம்.

சீன மொழி என்றால் சீனா மட்டும்தானா?

இல்லை. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள்.

சீன மொழியில் தேடுபவர்கள் சீனா, ஹாங்காங், தைவான், சிங்கப்பூர், மலேசியா எனப் பல இடங்களில் இருக்கிறார்கள். ஆனால் எல்லாரும் ஒரே தேடுபொறியைப் பயன்படுத்துவதில்லை.

● சீனா: பைடு நன்கு அறியப்பட்ட பெயர். 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நிறுவனம் அது. சோகோ, 360 தேடல், பிங் ஆகியவையும் உண்டு. கூகல் 2010 மார்ச்சில் தன் சீனத் தேடல் சேவையை ஹாங்காங்கிற்குத் திருப்பிவிட்டது. இப்போது சீனாவில் அது முடக்கப்பட்டிருக்கிறது.

● ஹாங்காங், தைவான்: இங்கு கூகல்தான் பெரிது. எழுத்து, பழைய முறையிலான மரபுச் சீன எழுத்து.

● சிங்கப்பூர், மலேசியா: இங்கும் கூகல்தான். எழுத்து மட்டும் சீனாவில் உள்ளதுபோல் எளிமையாக்கப்பட்ட சீன எழுத்து.

ஆக, தோ பாயோவில் இருக்கும் சீனப் பாட்டியும் பெய்ச்சிங்கில் இருக்கும் மாணவரும் ஒரே எழுத்தைப் படிக்கலாம். ஆனால் அவர்கள் உங்களைத் தேடும் இடம் வேறு வேறு.

இது பின்னொட்டை நேரடியாகப் பாதிக்கிறது. நாட்டுக் குறியீட்டைப் பார்த்து ‘இந்தத் தளம் இந்த நாட்டு மக்களுக்கானது’ என்று கூகல் புரிந்துகொள்கிறது. டாட் எஸ்ஜி என்றால் சிங்கப்பூர். டாட் சிஎன் என்றால் சீனா. சிங்கப்பூர்ச் சீனர்களுக்காக நடத்தும் தளத்துக்கு டாட் சிஎன் வாங்கினால், கூகலுக்கு நீங்களே தவறான விலாசத்தைக் கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

டாட் சிஎன் இருந்தால் பைடுவில் மேலே வருமா?

வரும் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சீனாவின் பெரிய தளங்களைக் கொஞ்சம் பாருங்கள்.

பைடுவின் சொந்த முகவரியே டாட் காம்தான். தாவ்பாவ், ஜேடி போன்ற பெரிய கடைகளும் டாட் காம்தான். செய்தித் தளமான சினா, டாட் காம் டாட் சிஎன்னில் இயங்குகிறது. ரயில் டிக்கெட் வாங்கும் அதிகாரத்துவத் தளம் 12306 டாட் சிஎன். எல்லாமே பைடுவில் நன்றாகத்தான் தெரிகின்றன.

பைடு பார்ப்பது வேறு விஷயங்களை. தளத்தில் இருப்பது எளிமையாக்கப்பட்ட சீன எழுத்தா, தேடுபவரின் கேள்விக்கு அதில் பதில் இருக்கிறதா, பக்கம் சீனாவில் வேகமாகத் திறக்கிறதா, கைத்தொலைபேசியில் ஒழுங்காகத் தெரிகிறதா, மற்ற சீனத் தளங்கள் அதற்கு இணைப்புக் கொடுத்துள்ளனவா... இப்படி.

டாட் சிஎன்னால் ஒரு மறைமுக நன்மை உண்டு. சீனாவில் இருப்பவருக்கு அது பழக்கமான முகவரி. தேடல் முடிவில் பார்த்ததும் ‘இது நமக்கான தளம்’ என்று தோன்றலாம். அது நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம். வரிசை சம்பந்தப்பட்டது இல்லை.

அப்போ பின்னொட்டு எங்கேதான் முக்கியம்?

சர்வரில்.

சீனப் பெருநிலத்தில் உள்ள சர்வரில் தளத்தை வைத்தால், ஐசிபி பதிவு கட்டாயம். சீன மொழியில் இதை ‘பெய்ஆன்’ என்பார்கள். 2000ஆம் ஆண்டில் வந்த விதிமுறை அது. சீனத் தளங்களின் அடியில் சிறிய எழுத்தில் ஓர் எண் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதுதான் ஐசிபி எண்.

இந்தப் பதிவுக்குக் கட்டணம் இல்லை. பரிசீலனைக்கு 20 வேலை நாள்வரை ஆகலாம். ஆனால் நிபந்தனைகள் உண்டு:

● நிறுவனத்தின் பெயரில் பதிவதென்றால், அந்த நிறுவனம் சீனாவில் பதிவுபெற்றிருக்கணும். சிங்கப்பூரில் மட்டும் பதிவான நிறுவனத்தின் பெயரில் இதைச் செய்ய முடியாது.

● டொமைன், சீனாவின் தொழில், தகவல் தொழில்நுட்ப அமைச்சு ஒப்புக்கொண்ட பின்னொட்டுகளில் ஒன்றாக இருக்கணும். டாட் சிஎன், டாட் காம், டாட் நெட் ஆகியவை பட்டியலில் உண்டு. டாட் டாப், டாட் எக்ஸ்ஒய்இஸட் போன்ற சில புதியவையும் உண்டு. பிற நாட்டுக் குறியீடுகள் பெரும்பாலும் இல்லை.

● டொமைனை சீனாவில் அனுமதி பெற்ற பதிவு நிறுவனம் மூலம் வைத்திருக்கணும். வேறு நாட்டு நிறுவனத்திடம் வாங்கிய டாட் காம் என்றால், அதை அங்கு மாற்றிக்கொள்ளணும்.

● உரிமையாளர் யார் என்பது ஆவணத்தோடு சரிபார்க்கப்பட்டிருக்கணும். டொமைன் நிர்வாகம் குறித்த புதிய விதிமுறைகள் 2017 நவம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தன.

இப்போது புரிகிறதா? சீனாவில் கிளை திறக்கும் திட்டம் இருந்தால், பட்டியலில் இல்லாத அழகான பின்னொட்டு ஒன்றை இன்று வாங்கிவைப்பது நாளைக்குத் தலைவலி. பெயர்ப்பலகை, அட்டை, விளம்பரம் என எல்லாவற்றிலும் அச்சடித்த பிறகு முகவரியை மாற்றவேண்டியிருக்கும்.

சீனாவில் நிறுவனம் இல்லாவிட்டால்?

கவலை வேண்டாம். சிறு வணிகங்கள் பலவற்றின் நிலை அதுதான்.

சர்வரை ஹாங்காங்கிலோ சிங்கப்பூரிலோ வைக்கலாம். இரண்டுக்கும் ஐசிபி பதிவு தேவையில்லை. பைடு வெளிநாட்டு சர்வரில் உள்ள தளங்களையும் படிக்கத்தான் செய்கிறது. சீனாவுக்குள் இருக்கும் சர்வர் அளவுக்கு வேகம் இருக்காது. ஆனாலும், தளத்தை இலேசாக வைத்திருந்தால் சமாளிக்கலாம்.

டாட் சிஎன் வாங்கினாலும் சர்வரை வெளிநாட்டில் வைத்துக்கொள்ளலாம். டொமைனுக்கு ஒரு விதி, சர்வருக்கு ஒரு விதி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

டாட் சிஎன்னை யார் வாங்கலாம்?

டாட் சிஎன்னை நிர்வகிப்பது சீன இணையக் கட்டமைப்புத் தகவல் நிலையம். பதிவான டாட் சிஎன் முகவரிகள் 20 மில்லியனுக்கும் மேல். உலகின் மிகப் பெரிய நாட்டுக் குறியீடுகளில் அது ஒன்று.

2009 டிசம்பரில் தனிநபர்கள் வாங்கத் தடை வந்தது. 2012ல் அது நீக்கப்பட்டது. வெளிநாட்டவரும் வெளிநாட்டு நிறுவனங்களும் இப்போது வாங்கலாம். கடப்பிதழ் அல்லது நிறுவனப் பதிவு ஆவணத்தைக் கொடுத்து அடையாளத்தை உறுதிப்படுத்தணும். அதுவரை முகவரி இயங்காது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். டாட் சிஎன் முகவரிக்குச் சீன விதிமுறைகள் பொருந்தும். விதி மீறப்பட்டதாகக் கருதப்பட்டால் முகவரி நிறுத்தப்படலாம். உங்களின் ஒரே முகவரியாக அதை வைத்துக்கொள்வதா என்று யோசித்து முடிவெடுங்கள்.

சீன எழுத்திலேயே முகவரி வாங்கலாமா?

வாங்கலாம். சீனாவுக்கு ‘சோங்குவோ’ என்ற சொல்லே பின்னொட்டாக 2010ல் வந்தது. சிங்கப்பூருக்கும் சீன எழுத்தில் ‘சின்ஜியாபோ’ என்ற பின்னொட்டு இருக்கிறது.

நமக்கும் ஒன்று உண்டு, தெரியுமா? ‘டாட் சிங்கப்பூர்’ என்பது தமிழ் எழுத்திலேயே உள்ள அதிகாரத்துவப் பின்னொட்டு. டாட் எஸ்ஜியை நிர்வகிக்கும் அமைப்புதான் இவற்றையும் நிர்வகிக்கிறது.

ஆனால் தேடலுக்கு இவற்றால் தனிச் சலுகை இல்லை. கணினி இந்த எழுத்துகளை உள்ளுக்குள் ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் நீண்ட ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றிக்கொள்கிறது. முகவரியை நகலெடுத்து வேறு செயலியில் ஒட்டும்போது சில நேரம் அந்தக் கோவைதான் தெரியும். பார்ப்பவர் ‘இது மோசடி இணைப்போ’ என்று பயந்துவிடலாம். மின்னஞ்சல் முகவரிக்கும் எல்லா இடத்திலும் ஒத்துவராது.

இரண்டாவது முகவரியாக வைத்து, முக்கியத் தளத்துக்குத் திருப்பிவிடுவது நல்லது.

‘உங்கள் பெயரை வேறொருவர் வாங்கப் போகிறார்!’

தளம் தொடங்கிய சில மாதத்தில் இப்படி ஒரு மின்னஞ்சல் வரலாம். ‘சீனாவில் ஒரு நிறுவனம் உங்கள் பெயரில் டாட் சிஎன் கேட்டு விண்ணப்பித்துள்ளது. உடனே பதில் சொல்லாவிட்டால் அவர்களுக்குக் கொடுத்துவிடுவோம்.’

பதற வேண்டாம். பல ஆண்டாகச் சுற்றிவரும் பழைய தந்திரம் இது. டொமைன் பதிவு என்பது முந்திக்கொள்பவருக்கே. ஒருவர் விண்ணப்பித்தால் பதிவு நிறுவனம் இன்னொருவரிடம் கேட்டுக்கொண்டு காத்திருக்காது. வழக்கத்தைவிடப் பல மடங்கு விலையில் தேவையில்லாத முகவரிகளை விற்பதுதான் அந்த மின்னஞ்சலின் நோக்கம்.

பதில் போடாதீர்கள். அந்த முகவரி நிஜமாகவே வேண்டுமென்றால், நீங்கள் வழக்கமாக வாங்கும் நிறுவனத்திடமே வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வணிகச் சின்னத்தை யாரேனும் தீய நோக்கத்தோடு டாட் சிஎன்னில் பதிந்திருந்தால், முறைப்படி புகார் கொடுக்க வழி உண்டு. ஆனால் பதிவான நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் கொடுக்கணும்.

சரி, எதைத்தான் வாங்குவது?

● வாடிக்கையாளர்கள் சிங்கப்பூர்ச் சீனர்கள் என்றால்: டாட் எஸ்ஜி அல்லது டாட் காம் டாட் எஸ்ஜி. அதே தளத்தில் சீன மொழிப் பக்கங்களைச் சேர்த்தால் போதும். டாட் சிஎன் தேவையில்லை.

● சீனாவிலிருந்து வரும் சுற்றுப்பயணிகள் என்றால்: டாட் காம். சர்வர் ஹாங்காங்கில் அல்லது சிங்கப்பூரில். பெயரைப் பாதுகாக்க டாட் சிஎன்னை வாங்கி டாட் காமுக்குத் திருப்பிவிடலாம்.

● சீனாவிலேயே நிறுவனம் தொடங்கி விற்கப் போகிறீர்கள் என்றால்: டாட் சிஎன், கூடவே டாட் காம். இரண்டும் சீனாவில் அனுமதி பெற்ற பதிவு நிறுவனத்திடம் இருக்கட்டும். ஐசிபி பதிவுக்கான நேரத்தையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

● ஹாங்காங், தைவான் வாடிக்கையாளர்கள் என்றால்: டாட் காம், அல்லது அந்தந்த இடத்தின் டாட் எச்கே, டாட் டிடபிள்யூ. பக்கங்கள் மரபுச் சீன எழுத்தில் இருக்கணும்.

பணம் கட்டுவதற்கு முன்...

டொமைன் உங்கள் பெயரில் பதிவாகிறதா என்று பாருங்கள். தளத்தை வடிவமைத்துக் கொடுப்பவர் தன் பெயரிலேயே வாங்கிவிட்டால், பிறகு அவரோடு மனத்தாங்கல் வந்தால் முகவரி கையைவிட்டுப் போகலாம். ஐசிபி பதிவிலும் சிக்கல் வரும். பின்னொட்டைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியமான விஷயம் இது.

பெயர் சிறியதாக இருக்கட்டும். சீன மொழி பேசுவோர் பலருக்கு நீளமான ஆங்கிலச் சொற்களைவிட எண்களும் சுருக்கமான பின்யின் எழுத்துகளும் தட்டச்சு செய்ய எளிது. 12306 என்ற ரயில் டிக்கெட் முகவரி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

தளத்தில் கூகல் வரைபடம், யூடியூப் காணொளி, கூகல் எழுத்துரு இருந்தால் சீனாவில் அவை திறக்காமல் பக்கமே தடுமாறலாம். அவற்றை எடுத்துவிட்டு, காணொளிக்குப் பதில் படமும், வரைபடத்துக்குப் பதில் சீன எழுத்தில் முகவரியும் ஆக அருகில் உள்ள எம்ஆர்டி நிலையத்தின் பெயரும் கொடுங்கள்.

மொழிபெயர்ப்புச் செயலியை மட்டும் நம்பாமல், சீனம் தெரிந்த நண்பர் ஒருவரிடம் பக்கத்தைக் காட்டுங்கள். ‘இப்படி ஒரு கடையைத் தேடணும்னா நீ என்னன்னு டைப் பண்ணுவே?’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொற்கள் உங்கள் பக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சீனாவில் பயணம், உணவு, கடைகள் பற்றித் தேட இளையர்கள் பலர் சியாவ்ஹொங்ஷு, டொவ்யின், வீசாட் போன்ற செயலிகளையும் நாடுகிறார்கள். அங்கு உங்களுக்கு ஒரு பக்கம் இருந்து, தளத்தின் முகவரியும் அதில் இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும்.