கொள்ளுப்பாட்டனார் பெயர்

திதி கொடுக்கும்போது புரோகிதர் மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்கிறார். தகப்பனார் பெயரைச் சொல்லிவிடுகிறோம். பாட்டனார் பெயரையும் சொல்லிவிடுகிறோம். மூன்றாவது பெயருக்கு வந்ததும் வீட்டிலுள்ள கிழவியின் முகத்தைப் பார்க்கிறோம். அவளும் போய்விட்ட வீட்டில் அந்தப் பெயரும் போயிற்று என்றே எண்ணிக்கொள்கிறோம்.

முத்தியால்பேட்டைக்காரர்கள் அப்படி எண்ண வேண்டியதில்லை. புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சு சர்க்காருக்கு எதையும் எழுதிவைக்கிற வழக்கம் உண்டு. எழுதியதைப் பிரதி எடுக்கிற வழக்கமும் உண்டு. 1776 ஜூன் மாதத்துக் கட்டளைப்படி, குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளில் ஒரு பிரதி கடல் கடந்து வெர்சேல்ஸுக்குப் போயாக வேண்டும். 1880 ஏப்ரல் 24-ஆம் தேதி ஆணை, இங்கிருந்த இந்தியர்களின் பிறப்பு, கலியாணம், இறப்புப் பதிவை ஒழுங்குபடுத்தியது. கடல் கடந்து போன ஏடுகள் இன்று பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய ஏடுகள் பலவற்றை வீட்டிலிருந்தபடியே இணையத்தில் புரட்டிப் பார்க்கலாம்.

புரட்டினால் மட்டும் தாத்தா கிடைத்துவிடுவாரா? அங்கேதான் சங்கடம். நமக்குத் தகப்பன் பெயரே தலைப்பெழுத்து. குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. குமாஸ்தா காதில் விழுந்ததைப் பிரெஞ்சு வழக்கப்படி எழுதினார். ‘முத்து’வில் வரும் உகரத்துக்கு ‘ஓ’, ‘யு’ என்று இரண்டு எழுத்துப் போட்டார். சின்னசாமியை இங்கிலீஷ் பழக்கத்தில் ‘சி’ வரிசையில் நாம் தேடிக்கொண்டிருப்போம். அவரோ ‘எஸ்’ வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருப்பார்.

இது போதாதென்று, 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி வேறோர் ஆணை வந்தது. சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்பவர்கள் ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொள்ள வேண்டும். நீதிமன்றத்துக்குக் காலணியுடன் போகும் உரிமைக்காகப் போராடிய வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை, ‘லாபோர்த்’ ஆனார். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள். அண்ணன் துறந்து, தம்பி துறக்காமலிருந்தால் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஏட்டில் அந்நியர்களாகிவிடுவார்கள் அல்லவா?

கப்பலேறியவர்கள் கதை இன்னும் பெரிது. ‘ஓரெலி’ என்ற கப்பல் தமிழ்க் கூலிகளை 1853-இல் மார்த்தினிக் தீவிலும் 1854-இல் குவாதலூப்பிலும் கொண்டுபோய் இறக்கியது. ஒருவருடைய சொந்தப் பெயராக இருந்த முத்துசாமி அங்கே வம்சத்துக்கே பெயராயிற்று. தமிழ் மறந்த பேரப்பிள்ளைகள் அந்தப் பெயரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஊரையும் உறவையும் தேடுகிறார்கள். தேடப்படும் உறவு, தான் தேடப்படுவதை அறியாமல் நம் தெருவிலேயே குடியிருக்கலாம்.

புத்தகங்களுக்கும் குறைவில்லை. 1827-இல் தொடங்கிய பொது நூலகம், ரோமன் ரோலந்து பெயரோடு இருக்கிறது. 1955-இல் ஏற்பட்ட பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பக்கத்து லாசுப்பேட்டையில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பும் அச்சாகிவிட்டது. பெரிய இடத்து மனிதர். தம்மைப் பற்றித் தாமே எழுதிக்கொண்டார். தறி நெய்தவனும் கூலிக்குப் போனவனும் எழுதவில்லை. அவர்களுக்குப் பதிவேடுதான் நாட்குறிப்பு.

அதைப் படிக்கச் சொல்லித்தருவோர் வேண்டும். பேட்டை வாசகசாலையில் மாதம் ஒரு மாலை யாராவது ஏட்டின் ஒரு பக்கத்தைத் திரையில் காட்டி விளக்கட்டும். கேட்க வருகிற கிழவர்கள் தங்களுக்குத் தெரிந்த பட்டப்பெயர்களையும், விற்றுப்போன வீடுகளையும், சொல்லாமல் ஊரைவிட்டுப் போன சித்தப்பாக்களையும் சொல்லட்டும். ஏட்டுக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் மறந்தது ஏட்டில் இருக்கும். ஏடு காத்திருக்கும். கிழவர்கள்தாம் காத்திருக்க மாட்டார்கள்.