நாயுடன் நாட்டுப்புற நடை: சில குறிப்புகள்

இங்கிலாந்துக்கு வந்து பல ஆண்டுகளாக நாங்கள் வயல்வெளிப் பக்கம் போனதேயில்லை. வேலியைக் கண்டால் யாரோ ஒருவரின் காணி என்று திரும்பிவிடுவோம். உயர் பாதுகாப்பு வலயத்து முட்கம்பிகளைப் பார்த்துப் பழகிய கால்கள் அல்லவா! பிள்ளைகளின் பிடிவாதத்தால் வீட்டுக்கு ஒரு நாய் வந்த பிறகுதான் விடயம் விளங்கியது. இந்த நாட்டில் தனியார் காணிகளுக்கு ஊடாகவும் பொதுப்பாதைகள் போகின்றன. அவற்றில் நடப்பது சட்டம் தந்த உரிமை. யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

ஓர்ட்னன்ஸ் சேர்வேயின் 'எக்ஸ்புளோரர்' வரைபடங்களில் இப்பாதைகள் பச்சைக் கோடுகளாக இருக்கும். வழியில் மஞ்சள் அம்புக்குறி நடப்பவர்களுக்குரியது. நீல அம்புக்குறிப் பாதையில் குதிரையும் துவிச்சக்கர வண்டியும் வரலாம்.

லண்டனில் இருப்பவர்கள் முதல் நடைக்கு சறேயில் உள்ள பொக்ஸ் ஹில்லுக்குப் போகலாம். வாட்டர்லூவிலிருந்தோ விக்டோரியாவிலிருந்தோ தொடருந்து ஏறினால் பொக்ஸ் ஹில் அன்ட் வெஸ்ற்ஹம்பிள் நிலையத்தில் இறங்கலாம். மோல் ஆற்றைப் படிக்கற்களில் கடந்து மலையேற வேண்டும். வெள்ளம் கூடினால் அருகில் நடைபாலம் உண்டு. உச்சியில் காட்சிமுனையும் தேநீர்க் கடையும் இருக்கின்றன.

செலவுக் கணக்கும் சிறியதே. தொடருந்தில் ஒருவர் இரண்டு நாய்கள் வரை இலவசமாகக் கொண்டுபோகலாம். பெரியவர்கள் மூவராகச் சேர்ந்து போனால், நெரிசல் இல்லாத நேரங்களில் பல நிறுவனங்கள் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழிக்கின்றன.

உரிமையோடு பொறுப்பும் வருகிறது. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, திறந்தவெளி அனுமதி நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீற்றருக்கு மேற்படாத வாரில் பிடித்திருக்க வேண்டும். நிலத்தில் கூடு கட்டும் பறவைகளுக்கான பாதுகாப்பு இது. கால்நடைகளுக்கு அருகில் ஆண்டு முழுவதும் இதே விதிதான். நாய் ஆடுகளைத் துரத்தினால் உரிமையாளர் மீது வழக்கு வரலாம். சில சூழ்நிலைகளில் விவசாயி நாயைச் சுட்டாலும் சட்டம் அவர் பக்கம் நிற்கக்கூடும்.

கன்றோடு நிற்கும் பசுக்களை விலத்தி நடவுங்கள். மாடு துரத்தினால் வாரை உடனே விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பிவிடும். பிடித்துக்கொண்டு நின்றால் மிதிபடுவது நாங்கள்தான். மலத்தைப் பையில் அள்ளுவது வெறும் நாகரிகம் மட்டுமல்ல, அதிலுள்ள சில கிருமிகள் பசுக்களுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும். படலை திறந்திருந்தால் திறந்தபடியும், பூட்டியிருந்தால் பூட்டியும் விடுங்கள்.

கட்டிக்கொண்டு போகும் சாப்பாட்டிலும் கவனம் தேவை. வெங்காயம், உள்ளி, உலர்ந்த திராட்சை, சொக்லேற் நாய்க்கு நஞ்சு. வடையோ கேக்கோ கொடுக்க வேண்டாம். கிராமத்துப் பப்கள் பலவற்றில் நாயை உள்ளே விடுவார்கள், தண்ணீரும் வைப்பார்கள். இருந்தாலும் வாசலில் ஒருமுறை கேட்டுவிட்டு நுழையுங்கள். வீடு திரும்பியதும் நாயின் காதடியிலும் உங்கள் கால்களிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

1995 இடப்பெயர்வில் வளவு நாயை அவிழ்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்த குடும்பங்கள் எங்களில் பல. அதனாலோ என்னவோ, நாய் வேண்டவே வேண்டாம் என்று முதலில் மறுத்தவர்கள் எங்கள் வீட்டு மூத்தவர்களே. இப்போது ஞாயிறு காலையில் வாரோடு வாசலில் முதலில் நிற்பவர்களும் அவர்கள்தான்.