ஏடும் படியும்

புதுச்சேரியில் நூல்நிலையம் ஒன்றில் நான் பல்லாண்டு பணி செய்தவன். வருவோர் கேட்கும் வினாவுக்கு விடை எந்த நூலில், எந்த ஏட்டில் கிடைக்கும் என்று காட்டுவது என் வேலை. பார்வை நூல் பகுதி என்று அதனை வழங்குவர். அங்கே அமர்ந்திருப்பவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று ஊரார் எண்ணுவர். உண்மையில் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியது எது எங்கே இருக்கிறது என்னும் ஒன்றுதான். அந்த ஒன்றைத் தெரியாமல் நான் ஒரு முறை தவறினேன். இன்றைய பேச்சை அந்தத் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

கணிப்பொறி எங்கள் நூல்நிலையத்துக்கு வராத காலம் அது. ஒரு நாள் பிற்பகல் முதிய அம்மையார் ஒருவர் வந்தார். கையில் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. அதில் அவருடைய தகப்பனார் பெயரும், 1890ஐ ஒட்டிய ஓர் ஆண்டும் எழுதப்பட்டிருந்தன. "தம்பி, எங்கள் தகப்பனார் இந்த ஊரிலேதான் பிறந்தார். அதை எழுதி வைத்த ஏடு செல்லரித்துப் போய்விட்டது என்கிறார்கள். வேறு எங்கேயாவது இருக்குமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதன் பொருளை நீங்கள் உணரவேண்டுமானால் சிறிது சரித்திரம் தெரிய வேண்டும். 1954 நவம்பர் முதல் நாள் புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இப்பகுதிகளில் பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் அன்று முதல் இந்தியக் குடிமக்கள் ஆயினர். பிரெஞ்சு நாட்டுரிமையே வேண்டும் என்போர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்பது ஏற்பாடு. ஆகவே ஒருவர் எங்கே பிறந்தார், யார் மகன் என்னும் இரண்டொரு வரிகள் பல குடும்பங்களின் தலைமுறைகளையே நிருணயித்தன. அந்த அம்மையாரின் பேரனுக்கும் அத்தகைய வரி ஒன்று தேவைப்பட்டது.

நான் எங்கள் அலமாரிகளைத் தேடினேன், பட்டியலைப் புரட்டினேன், காணவில்லை. "இல்லை, அம்மா" என்றேன். அவர் தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு படியிறங்கிப் போனார். அவருடைய முகவரியைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அந்த ஏட்டுக்குப் படி எடுக்கும் ஏற்பாடு முன்னமே இருந்தது. அதை நான் அறிந்தது மிகவும் பிற்பட்டே. 1776 ஜூன் மாதம், பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி ஓர் ஆணை பிறப்பித்தார். வெயிலும் மழையும் பூச்சியும் போரும் குடியேற்ற நாடுகளின் ஏடுகளை அழித்துவிடுகின்றன. எனவே பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளுக்கும் பிற முக்கிய ஆவணங்களுக்கும் படி எடுத்துப் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்பது அதன் கருத்து. அவ்வாறு கடல் கடந்து சென்ற படிகள் பிற்காலத்தில், 1966இல் தோன்றிய கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தன. அது தென் பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் என்னும் நகரில் உள்ளது. இங்கே செல் தின்ற வரி அங்கே பத்திரமாக இருந்திருக்கக் கூடும். நான் சொல்லியிருக்க வேண்டிய சொல் "இல்லை" அன்று; "இங்கே இல்லை, அங்கே கேட்டுப் பார்ப்போம்" என்பதே.

நிற்க. படி எடுத்தல் தமிழருக்குப் புதிய செய்தியா? ஓலைச் சுவடியின் ஆயுள் சில நூறு ஆண்டுகளே. ஆகையால் ஒவ்வொரு தலைமுறையும் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதிற்று. அவ்வாறு எழுதியவர் பெயர் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. எழுதப்படாத நூல்கள் மறைந்தன. எழுதப்பட்டவை நம் கைக்கு வந்தன.

எங்கள் ஊரின் தலைசிறந்த சரித்திர ஏடும் அவ்வாறே பிழைத்தது. ஆனந்தரங்கப் பிள்ளை சென்னைப் பெரம்பூரில் 1709இல் பிறந்தவர். புதுச்சேரியில் வாணிகம் செய்து, துய்ப்ளே ஆளுநராயிருந்த காலத்தில் தலைமைத் துபாஷியாக விளங்கினார். 1736 செப்டம்பர் 6ஆம் நாள் தொடங்கித் தாம் கண்டதும் கேட்டதும் அவர் எழுதி வந்தார். கப்பல் வந்த செய்தி, விலைவாசி, ஆளுநர் மாளிகைப் பேச்சு, படையெடுப்பு, ஊர்ச் சண்டை எல்லாம் அதில் உண்டு. 1761 ஜனவரியில், ஆங்கிலேயரிடம் நகரம் வீழ்வதற்குச் சில நாள் முன்னர், அவர் காலமானார். வெற்றி பெற்றவர்கள் நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினர். நாட்குறிப்போ அவருடைய வீட்டாரிடம் யாரும் அறியாமல் கிடந்தது.

1846இல் கல்வா-மோம்பிரோன் என்பவர் அதனைக் கண்டு படி எடுத்தார். புதுச்சேரியில் பணிபுரிந்த தமிழறிஞர் எதுவார் அரியேல் எடுத்த படி பாரிசில் உள்ள தேசிய நூலகத்துக்குச் சென்றது. பின்னர்ச் சென்னை அரசாங்கம் தானும் ஒரு படி எழுதுவித்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பித்து, 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளியிட்டது. இவர்களுள் ஒருவர் சோம்பியிருந்தாலும் 18ஆம் நூற்றாண்டுத் தென்னாட்டுச் சரித்திரம் வேறு வகையாக எழுதப்பட்டிருக்கும்.

படி இருந்தால் மட்டும் போதுமா? தேடி வருபவனிடம் அது சேர வேண்டும். அதற்காகத்தான் நூல்நிலையமும் நூலகரும். புதுச்சேரியில் பொது நூல்நிலையம் 1827இல், ஆளுநர் தெபசேன் தெ ரிஷ்மோன் காலத்தில் ஏற்பட்டது. ரொமேன் ரோலான் பெயரால் இன்று வழங்குவது அதுவே. சீர்காழியிற் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். அரங்கநாதன், நூலகத் துறைக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931இல் நூலாக வெளியிட்டார். படிப்பவரின் காலத்தை வீணாக்கலாகாது என்பது அவற்றுள் நான்காவது. அந்த அம்மையாரின் காலத்தை நான் எவ்வளவு வீணாக்கினேன் என்று எண்ணும்போதெல்லாம் அவ்விதி என் நினைவுக்கு வரும்.

1955இல் ழான் ஃபிலியோசா தலைமையில் இங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தோன்றியது. அடுத்த ஆண்டு முதல் என். ஆர். பட் முதலான அறிஞர்கள் ஊர் ஊராகச் சென்று சைவ ஆகமச் சுவடிகளைத் திரட்டினர். கிடைக்காத சுவடிகளைத் தாளில் படி எழுதுவித்தனர். அந்நிறுவனத்திலும், தூர கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் புதுச்சேரி மையத்திலும் உள்ள ஏறத்தாழ 11,000 சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இப்பொழுது நம் காலத்துக்கு வருவோம். இணையம் என்பது படி எடுக்கும் பழைய தொழிலின் புதிய வடிவமே. முன்பு ஒரு படி எழுத மாதங்கள் சென்றன. இன்று ஒளிப்படமாக எடுத்த ஏட்டை ஆயிரம் ஊர்களில் ஒரே சமயத்தில் படிக்கலாம். நூலகர் தம் மேசையிலிருந்தே அடையக் கூடிய சில களஞ்சியங்களைச் சொல்லுகிறேன்.

பிரான்சுத் தேசிய நூலகம் 1997இல் தொடங்கிய 'காலிக்கா'வில் பிரெஞ்சு இந்தியாவைப் பற்றிய பழைய நூல்களும் படங்களும் கிடைக்கின்றன. எக்ஸ் நகரக் காப்பகம் நூறாண்டு கடந்த குடிமைப் பதிவுகளைப் படமாக வெளியிட்டுள்ளது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்து ஊர்ப் பதிவுகளும் அங்கே உண்டு. தமிழ் நூல்களுக்கு, 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் தன்னார்வத் தொண்டர்களுடன் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. 2001இல் நிறுவப்பெற்ற தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்களும் பருவ இதழ்களும் கிடைக்கின்றன. அச்சு நூல்களையும் இதழ்களையும் பற்றிய ஐயங்களுக்கு, கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் அமைந்த ஆய்வு நூலகத்தின் பட்டியல் துணை செய்யும். ஈழத்து நூல்களுக்கு 2005இல் தோன்றிய 'நூலகம்' உண்டு. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அவற்றுள் இருந்தன. படி எடுக்காமையின் விலை என்ன என்பதை அந்த இரவு காட்டிற்று.

களஞ்சியம் திறந்திருந்தாலும் திறவுகோல் வேண்டும். ஒரு சிறு உதாரணம் சொல்லுகிறேன். பிரெஞ்சு எழுத்தர் 'முருகன்' என்னும் பெயரில் 'உ' ஒலிக்கு 'ஓ', 'யூ' என்னும் இரண்டு எழுத்துகளை இட்டு எழுதுவார். ஆங்கில வழக்கில் 'எம்' எழுத்தை அடுத்து 'யூ' வரிசையில் தேடுபவர், பெயர் இல்லையென்று ஏட்டை மூடிவிடுவார். 'எம்', 'ஓ' வரிசைக்குச் சென்றவரோ காண்பார். இன்னும் ஒன்று. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி, தம் சாதி, மத வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் பூண்டனர். தந்தைக்கு ஒரு பெயர் முறை, மகனுக்கு வேறு முறை. இச்சரித்திரம் அறியாதவருக்கு எந்தப் பொறியும் விடை தராது.

இணையத்தில் உள்ளதெல்லாம் நிலையானது என்று நம்புவதும் பிழை. 2023 அக்டோபரில் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் கணிப்பொறிகளைக் கயவர் தாக்கினர். உலகப் புகழ் பெற்ற அதன் பட்டியல் பல வாரம் திறக்கவில்லை. வேறு சேவைகள் பல மாதக் கணக்கில் முடங்கின. எனவே மின்படி கிடைத்தது என்று மூல ஏட்டை எறிந்துவிடக் கூடாது. மூலமும் வேண்டும், படியும் வேண்டும். படிகள் பல இடங்களில் இருக்கவும் வேண்டும். படித்ததை மற்றொரு சான்றுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். தட்டெழுதிய நூலில் ஓர் எழுத்துப் பிறழ்ந்தாலும் பொருள் மாறும். ஐயம் தோன்றினால் ஏட்டின் ஒளிப்படத்தைப் பாருங்கள்.

எக்ஸ் நகரப் பதிவுகள் முதன்முதல் என் மேசைக் கணிப்பொறியில் தோன்றிய அன்று, நான் தேடத் தொடங்கியது அந்த அம்மையாரின் தகப்பனாரைத்தான். ஆனால் அவர் பெயர் எனக்கு முழுமையாக நினைவில்லை. அந்தப் பத்தாண்டுப் பதிவுகளை மாலை வரை புரட்டினேன். நெசவாளர், மாலுமி, எழுத்தர், கொத்தனார் என எத்தனையோ தந்தையர் தம் குழந்தையின் பிறப்பைத் தெரிவித்து ஒப்பமிட்டிருந்தனர். தமிழில் இட்ட ஒப்பங்களும் இருந்தன. அவர்களுள் அந்த அம்மையாரின் பாட்டனாரும் ஒருவராக இருக்கலாம். கேட்க வந்தவரைத் திருப்பி அனுப்பிய பின் விடை கிடைத்து என்ன பயன்?

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டில் பழைய கடிதமோ, கணக்குப் புத்தகமோ, நிழற்படமோ இருந்தால் இன்றே படி எடுத்து வையுங்கள். பாட்டனார், பாட்டியார் பெயர்களையும் ஊரையும் ஆண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாளை உங்களுள் சிலர் நூலகர் ஆகலாம். அப்பொழுது ஒருவர் மடித்த தாளோடு வந்து நின்றால், முதலில் அமரச் சொல்லுங்கள். பெயரையும் முகவரியையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தேடுங்கள்.