ரயில் ஓடிய பக்கத்து வகுப்பறை



சென்ற வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். அவருடைய மகள் படிக்கும் பள்ளிக்குப் பக்கத்தில் மேம்பால வேலை நடக்கிறதாம். "சார், பெற்றோர் கூட்டத்துல சத்தத்தைப் பத்திச் சொன்னோம். பிள்ளைங்களுக்குப் போகப் போகப் பழகிடும்னு சொல்லிட்டாங்க. பழகிடுமா சார்?" என்று கேட்டார்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பணியில் இருந்த காலம் முழுவதும் அதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன்.

நம் பள்ளியின் எட்டாம் வகுப்பு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 'ஏ' பிரிவு உள்பக்கம், வேப்பமரத்தைப் பார்த்தபடி இருக்கும். 'பி' பிரிவு ரோட்டோரம். லாரி வளைவில் திரும்பும்போது ஏர்ஹாரன் அடித்தால், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த கணக்கை நிறுத்திவிட்டு, அது போகும்வரை நிற்பேன். ஒவ்வொரு வருடமும் பரீட்சையில் 'பி' பிரிவு பின்தங்கும். "பி செக்‌ஷன்னா அப்படித்தான்" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வோம். அப்படிப் பேசியவர்களில் நானும் ஒருவன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் நியூயார்க்கின் ஒரு பள்ளியைப் பற்றிப் படித்தேன். படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்த வரலாற்றை உங்களுக்குச் சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு.

சத்தத்தோடு சண்டை போடுவது நியூயார்க்குக்குப் புதிதல்ல. 1906இல் ஜூலியா பார்னெட் ரைஸ் என்ற அம்மையார் ஹட்சன் ஆற்றங்கரையில் வசித்து வந்தார். இரவெல்லாம் ஆற்றில் இழுவைப் படகுகள் விசில் அடித்துக்கொண்டே இருக்கும். படகோட்டிகள் தங்களுக்குள் நலம் விசாரிக்கக்கூட விசில்தான். அந்த அம்மையார் வெறுமனே புகார் கொடுத்துவிட்டு ஓயவில்லை. கல்லூரி மாணவர்களை அமர்த்தி, ஒரு இரவில் எத்தனை விசில் என்று எண்ணச் சொன்னார். ஒரே இரவில் ஏறக்குறைய மூவாயிரம் வந்தது! எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசியதால், தேவையில்லாத விசிலைக் கட்டுப்படுத்த மறு வருடமே சட்டம் வந்தது. மருத்துவமனைகளைச் சுற்றி அமைதிப் பகுதி வேண்டும் என்று பாடுபட்டவரும் அவர்தான்.

அடுத்த கட்டம் 1929. எண்ணுவதோடு நிற்காமல் அளக்க வேண்டும் என்று நகர நிர்வாகம் ஒரு குழுவை அமைத்தது. டெசிபல் என்ற அளவு அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது. கருவிகள் பொருத்திய ஒரு வண்டி தெருத்தெருவாகப் போய் அளந்தது. எந்தச் சத்தம் தொந்தரவு என்று மக்களிடம் கேட்டபோது பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. அதில் பெரும்பங்கு வண்டிப் போக்குவரத்தைப் பற்றியது. 1930இல் அறிக்கையும் வந்தது. ஆனால் பொருளாதார மந்தக் காலத்தில் யாருக்கு அதில் அக்கறை இருக்கும்? குழு சீக்கிரமே கலைந்தது. எவ்வளவு சத்தம் என்று ஊருக்குத் தெரிந்தது. அந்தச் சத்தம் மனிதர்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பது மட்டும் தெரியவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஆர்லின் பிரான்சாஃப்ட். நியூயார்க்கின் லீமன் கல்லூரியில் உளவியல் பேராசிரியை. 1970களில் அவரிடம் படித்த ஒரு பெண்ணின் குழந்தை, மான்ஹாட்டன் தீவின் வடகோடியில் ஒரு பொதுப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தது. பள்ளியை ஒட்டித் தூண்களின் மேல் ரயில் பாதை. சத்தத்துக்காக வழக்குப் போடப்போவதாகப் பெற்றோர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு உண்மையிலேயே கெடுதல் நடக்கிறதா என்று முதலில் பார்க்கலாம் என்று பிரான்சாஃப்ட் போனார்.

பள்ளியின் ஒரு பக்க வகுப்பறைகள் ரயில் பாதையைப் பார்த்தவை. மறுபக்க வகுப்பறைகள் அமைதியானவை. பாடப்புத்தகம் ஒன்றுதான், கட்டடமும் ஒன்றுதான். திறமை பார்த்துப் பிள்ளைகளை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிக்கவும் இல்லை. இதைவிட நல்ல சோதனைச்சாலை கிடைக்காது.

சராசரியாக நாலரை நிமிடத்துக்கு ஒரு ரயில். ஒவ்வொன்றும் கடந்து போக அரை நிமிடம். வகுப்பறைக்குள் சத்தம் 89 டெசிபல் வரை போனது. கணக்கு வாத்தியார் சும்மா இருப்பேனா? நாலரையில் அரை என்றால் ஒன்பதில் ஒரு பங்கு. ஐந்து மணி நேர வகுப்பில் 33 நிமிடம் காணாமல் போகிறது. கிட்டத்தட்ட ஒரு முழு பீரியட்! இதில் ஆசிரியர் விட்ட இடத்தைத் தேடுவதும், பிள்ளைகள் கவனத்தைத் திரும்பப் பிடிப்பதும் சேரவில்லை.

வாசிப்புத் தேர்வு மதிப்பெண்களை அவர் ஒப்பிட்டார். ரயில் பக்கத்துப் பிள்ளைகள் சில மாதப் படிப்பு அளவுக்குப் பின்தங்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்பில் அந்த இடைவெளி ஏறக்குறைய ஒரு வருடத்தைத் தொட்டது. இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். சத்தம் பழகிவிடும் என்பது உண்மையானால், பெரிய வகுப்பில் இடைவெளி குறைந்திருக்க வேண்டும். அங்கே கூடியிருக்கிறது.

1975இல் ஆய்வு வெளிவந்தது. அதோடு முடிந்திருந்தால் அதுவும் 1930 அறிக்கையைப் போல அலமாரிக்குப் போயிருக்கும். பிரான்சாஃப்ட் விடவில்லை. ரயில்வே நிர்வாகத்தையும் கல்வி வாரியத்தையும் துரத்தித் துரத்திப் பேசினார். கடைசியில் ரயில்வேக்காரர்கள் தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் மெத்தை வைத்தார்கள். கல்வி வாரியம் ரயில் பக்கத்து வகுப்பறைகளின் கூரையில் சத்தத்தை உறிஞ்சும் பலகைகளைப் பொருத்தியது. பிறகு அவர் மறுபடியும் போய் மதிப்பெண்களைப் பார்த்தார். 1981இல் வந்த அந்த இரண்டாவது ஆய்வில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை.

பிள்ளைகள் மக்குகள் இல்லை. ரப்பர் மெத்தைதான் இல்லாமல் இருந்தது.

ஒரு பள்ளியை வைத்து முடிவு செய்யலாமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும், அப்படித்தான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஜெர்மனியில் 1992 மே மாதம் மியூனிக்கின் பழைய விமான நிலையத்தை மூடிவிட்டு வேறோர் இடத்தில் புதியதைத் திறந்தார்கள். ஆய்வாளர்கள் முன்கூட்டியே இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் சோதித்து வைத்திருந்தார்கள். மாற்றத்துக்குப் பின் மேலும் இரண்டு முறை சோதித்தார்கள். பழைய நிலையத்தின் அருகே நினைவாற்றலும் வாசிப்பும் தேறின. புதியதன் அருகே அவை சரிந்தன.

அதன் பின் லண்டன், ஆம்ஸ்டர்டாம், மாட்ரிட் விமான நிலையங்களைச் சுற்றி 89 பள்ளிகளில் 2,844 பிள்ளைகளைச் சோதித்த பெரிய ஆய்வு 2005இல் வந்தது. விமானச் சத்தம் கூடக்கூட வாசிப்புத் திறன் குறைவதை அதுவும் காட்டியது. ஆனால் சாலைச் சத்தத்துக்கும் வாசிப்புக்கும் அப்படி ஒரு தொடர்பு அதில் தெரியவில்லை. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாலைச் சத்தத்தின் கெடுதல் அதிகம் தெரிவது தூக்கத்திலும் இதயத்திலும். மேற்கு ஐரோப்பாவில் போக்குவரத்துச் சத்தத்தால் ஆண்டுதோறும் குறைந்தது பத்து லட்சம் ஆரோக்கியமான வாழ்நாள் ஆண்டுகள் இழப்பு என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் கணக்கிட்டது.

சரி, கெடுதல் தெரிந்துவிட்டது. அடுத்து எதை ஆராய வேண்டும்? வரலாறு சொல்லும் பதில்: சத்தம் பிறக்கும் இடத்தை. சுவர் எழுப்புவதும் ஜன்னலை மூடுவதும் அதற்குப் பிறகுதான். ஜன்னலை மூடினால் நம் ஊர் வெயிலில் பிள்ளைகள் வெந்துவிடுவார்கள்.

இதில் ஒரு கணக்கு பலருக்குத் தெரியாது. ரோட்டில் வண்டிகளைப் பாதியாகக் குறைத்தாலும் டெசிபல் 3தான் குறையும். காது அதைப் பெரிதாக உணராது. ஆனால் இயந்திரத்தில் சரியான இடத்தைத் தொட்டால் பலன் பல மடங்கு. 1952இல் ஜேம்ஸ் லைட்ஹில் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர், ஜெட் எஞ்சினிலிருந்து பீறிடும் காற்றின் சத்தம் அதன் வேகத்தின் எட்டாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது என்று கண்டார். வேகம் பாதியானால் சத்த ஆற்றல் 256இல் ஒரு பங்கு! காற்றை நிறைய, மெதுவாகத் தள்ளும் அகன்ற எஞ்சின்கள் வந்ததும் விமானங்களின் சத்தம் பெரிதும் தணிந்தது. எரிபொருளை மிச்சப்படுத்தத்தான் அவற்றைக் கொண்டுவந்தார்கள். சத்தமும் கூடவே குறைந்தது.

ஐரோப்பிய சரக்கு ரயில்களின் கதையும் அப்படித்தான். வார்ப்பிரும்பு பிரேக் கட்டை சக்கரத்தின் வழவழப்பைக் கெடுக்கும். சொரசொரப்பான சக்கரம்தான் தடதடக்கும். கட்டையை வேறு கலவையில் செய்தால் 10 டெசிபல் அளவுக்குக் குறைகிறது, காதுக்குச் சத்தம் பாதியானது போல இருக்கும். சத்தமான பழைய சரக்கு வண்டிகளை ஸ்விட்சர்லாந்தும் ஜெர்மனியும் 2020இல் தடை செய்தன. காரில் ஓரளவு வேகத்துக்கு மேல் கேட்பது டயர் ரோட்டில் உரசும் சத்தம்தான். ஆகவே மின்சாரக் கார் வந்தால் ஊர் அமைதியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். டயரையும் ரோட்டுப் பரப்பையும் ஆராய்ந்தே ஆக வேண்டும்.

வெளியிடத்தில் ஓடும் இயந்திரங்களுக்கும் இது பொருந்தும். புல்வெட்டி முதல் கம்ப்ரஸர் வரை 57 வகை இயந்திரங்களில் சத்த அளவை ஒட்டி விற்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2000இல் விதி செய்தது. நம் நாட்டிலும் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. மின்வெட்டுக் காலத்தில் கடைவீதியில் ஜெனரேட்டர் அலறியது நினைவிருக்கிறதா? 2005 ஜனவரி முதல் தயாரிக்கப்படும் 1000 கேவிஏ வரையிலான டீசல் ஜெனரேட்டர்கள், உறையிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று விதி வந்தது. இன்று கல்யாண மண்டபத்து வாசலில் கூண்டுக்குள் நிற்கிறதே 'சைலன்ட் ஜெனரேட்டர்', அது அந்த விதி பெற்ற பிள்ளை.

பள்ளிகளுக்கும் விதி உண்டு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி பள்ளியைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். அங்கே பகலில் வரம்பு 50 டெசிபல். பலகை நிறைய இடத்தில் இருக்கிறது. எண்ணிப் பார்த்தவர், அளந்து பார்த்தவர், சரிசெய்தபின் மறுபடி பார்த்தவர்தான் குறைவு.

அதனால் போன் செய்த தம்பிக்கு என் பதில் இது. "பழகும்னு நம்பாதேப்பா. ஆனா கெட்டுப்போச்சுன்னும் உடனே சொல்லாதே. முதல்ல எண்ணு." ஒரு நோட்டு, ஒரு கைக்கடிகாரம் போதும். ஒரு நாளில் ஆசிரியர் எத்தனை முறை பேச்சை நிறுத்துகிறார், எத்தனை விநாடி என்று கோடு போட்டு வாருங்கள். அந்தத் தாளோடு ஒப்பந்தக்காரரிடம் போய், எந்த இயந்திரம், எந்த நேரம் என்று கேளுங்கள். கம்ப்ரஸரைக் கூண்டுக்குள் வைக்கலாம். உடைக்கும் வேலையைப் பள்ளி விட்ட பிறகு, இருட்டுவதற்குள் செய்யலாம். ஒரு மாதம் கழித்து மறுபடி எண்ணுங்கள். உங்களில் இன்று பொறியாளர்களும் தலைமையாசிரியர்களும் இருக்கிறீர்கள். உங்கள் பக்கத்துப் பள்ளியிலும் இதைச் செய்து பாருங்கள்.

கடைசியாக, எட்டாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மதிப்பெண் சத்தத்தால்தான் குறைந்தது என்று என்னால் சொல்ல முடியாது. நாங்கள் அளக்கவே இல்லை. ஒரே ஒரு வருடம் இரண்டு பிரிவுகளையும் அறை மாற்றி உட்கார வைத்திருந்தால் தெரிந்திருக்கும். அதற்குச் செலவு பத்துப் பைசா இல்லை. சோதித்துப் பார்க்காமலே தீர்ப்பு எழுதினேன். கணக்கு வாத்தியார் செய்யக்கூடாத தப்பு அது. மன்னித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்