ஒரு கைரேகையின் பயணம்

தேர்வு நெருங்கினால் திருவந்திபுரம் மலைமேல் ஹயக்ரீவர் சன்னிதியில் பிள்ளைகள் கூட்டம். பேனாவை வைத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கும் பிள்ளையின் கையில் இப்போது செல்போனும் இருக்கிறது. அந்தப் போனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணின் ஞாபகம் வரும். குழந்தையை வதைத்து எடுத்த படத்திலிருந்து பிறக்கும் எண் அது.

படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் ஒளி மாறுவதைக் கணக்கிட்டால் அந்த எண் கிடைக்கிறது. மைக்ரோசாஃப்டும் பேராசிரியர் ஹனி ஃபரீதும் 2009-ல் உருவாக்கிய 'ஃபோட்டோ டிஎன்ஏ' செய்யும் வேலை இது. படத்தைச் சுருக்கினாலும் நிறத்தை மாற்றினாலும் அடையாளம் தப்பாது. படத்தின் கைரேகை என்றே சொல்லலாம்.

அதே படத்தை யாரோ மறுபடி ஏற்றும்போது கைரேகை பொருந்துகிறது. இணைய நிறுவனங்கள் கண்டால் சொல்லியாக வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். தகவல் வர்ஜீனியாவில் உள்ள, காணாமற்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையத்துக்குப் போகும். 2019-ல் செய்த ஒப்பந்தத்தின்படி அங்கிருந்து தில்லியில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு, பிறகு மாநிலக் காவல்துறைக்கு. அப்படி வந்த ஒரு தகவல் 2020 ஜனவரி 29 அன்று அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தை எட்டியது. ஒருவர் மீது வழக்கு பதிவானது.

தனிமையில் பார்த்தது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அழிக்காமலும் புகார் செய்யாமலும் பகிரும் எண்ணத்தோடு வைத்திருந்தாலே, அனுப்பாவிட்டாலும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 15-ஆம் பிரிவில் குற்றம் என்றது. 'குழந்தை ஆபாசப் படம்' என்ற சொல்லையே விடச் சொன்னது. சரியான முடிவு. ஆபாசம் என்றால் பார்ப்பவனின் ரசனைக் கேடு மட்டும்தான் தெரிகிறது, அடிபட்ட குழந்தை தெரிவதில்லை.

ஐரோப்பாவில் இந்தக் கைரேகையின் வழி ஒருமுறை அடைபட்டது. 2020 டிசம்பரில் தகவல் தொடர்பு அந்தரங்கச் சட்டம் மெசேஜ் சேவைகளுக்கும் நீண்டதும், ஃபேஸ்புக் அங்கே தேடுவதை நிறுத்தியது. 18 வாரத்தில் அங்கிருந்து வந்த தகவல்கள் 58 சதவீதம் குறைந்ததாக அந்த அமெரிக்க மையம் சொன்னது. கொடுமை குறையவில்லை, தேடுபவர்தான் இல்லை. 2021-ல் தற்காலிகச் சட்டம் போட்டு வழியைத் திறந்தார்கள். பிறகு அதை 2026 ஏப்ரல் 3 வரை நீட்டித்தார்கள். 2022 மே மாதம் முன்வைத்த நிரந்தரச் சட்டமோ, எல்லாருடைய கடிதங்களையும் பிரிப்பதா என்ற கேள்வியில் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. அந்தப் பயம் நியாயமானது. ஊரார் பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்க நானும் சம்மதிக்க மாட்டேன். ஆனால் ஏற்கெனவே அறிந்த கொடுமையின் கைரேகையை ஒப்பிடுவது ஒட்டுக்கேட்பது ஆகாது.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். அப்படி ஒரு படம் வந்தால், "பாருங்கள் இந்த அநியாயத்தை" என்று ஆத்திரத்திலும் யாருக்கும் அனுப்பாதீர்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெயர் சொல்லாமலே தெரிவிக்கலாம். குழந்தைக்கு உடனே உதவி வேண்டுமென்றால் 1098 என்ற எண்ணை அழையுங்கள்.